யூதா நிருபத்தையும் பேதுருவின் இரண்டாம் நிருபத்தையும் அருகருகே வைத்து வாசித்தால்

புதிய ஏற்பாட்டிலுள்ள யூதா நிருபத்தை வாசித்து முடித்த கையோடு பேதுருவின் இரண்டாம் நிருபத்தைத் திறந்ததாகவும், இரண்டாம் அதிகாரத்துக்கு வந்ததும் "இதை இப்போதுதானே வாசித்தேன்" என்று திகைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். யார் யாரைப் பார்த்து எழுதினார், ஒரே உபதேசத்துக்கு இரண்டு நிருபங்கள் எதற்கு என்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது கடைசி வரியில் தயங்கித் தயங்கி நீங்கள் எழுதியிருப்பதுதான் என்று நினைக்கிறேன்: ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதியிருந்தால், அதை எப்படி வேதவசனம் என்று நம்புவது? இருபது ஆண்டுகளுக்கு மேலாக இறையியல் மாணவர்களுக்குக் கிரேக்கமும் புதிய ஏற்பாடும் கற்பித்து வருகிறேன். இந்த இரண்டு நிருபங்களையும் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் யாராவது ஒருவர் இதே கேள்வியைக் கேட்டுவிடுவார். ஒரு மாணவர் எழுந்து நின்று, "ஐயா, இது திருட்டு இல்லையா?" என்றே கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒற்றுமை தற்செயலானது இல்லை. யூதா 25 வசனங்கள் மட்டுமே கொண்ட சிறு கடிதம். அதன் 4 முதல் 18 வரையிலான வசனங்களில் உள்ள செய்தி ஏறக்குறைய முழுவதும், பெரும்பாலும் அதே வரிசையில், 2 பேதுருவின் இரண்டாம் அதிகாரத்திலும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்திலும் வருகிறது. கட்டி வைக்கப்பட்ட தூதர்கள், சோதோம் கொமோரா, மகிமையுள்ளவர்களைத் தூஷிப்போர், புத்தியில்லாத மிருகங்கள், பிலேயாம், காற்றில் அடியுண்டு ஓடும் மேகங்கள், காரிருள், கடைசிக்காலப் பரியாசக்காரர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அந்தப் 'பரியாசக்காரர்' என்பதற்குரிய கிரேக்கச் சொல்லான 'எம்பாயிக்தாய்' புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு நிருபங்களில் மட்டும்தான் இருக்கிறது. ஒரே காலத்துப் பிரசங்கியார்கள் இருவர் ஒரே வேத உதாரணங்களைச் சொல்லலாம். ஆனால் ஒரே அபூர்வச் சொற்களை ஒரே வரிசையில் சொல்லமாட்டார்கள். ஆகவே ஒன்று மற்றொன்றைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், அல்லது இரண்டுமே மூன்றாவது ஓர் எழுத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது எழுத்து என்ற ஒன்று நம் கைக்கு வரவில்லை. அதை ஊகிக்கவேண்டிய அவசியமும் இல்லை என்பது என் கருத்து.

எது முந்தியது? உறுதியாகத் தெரிந்த தளத்திலிருந்து பெரிதும் சாத்தியமான தளத்துக்கு இங்கே இறங்குகிறோம். இன்றைய அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் யூதாவே முந்தியது என்கிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன், ஆனால் அவர்கள் சொல்வதற்காக அல்ல. மேகங்கள் வரும் இடத்தைப் பாருங்கள். யூதா 12, 13 வசனங்களில் நான்கு உவமைகளை அடுக்குகிறார்: தண்ணீரற்ற மேகங்கள், கனியற்று வேரற்றுப்போன மரங்கள், நுரைதள்ளும் கடலலைகள், 'மார்க்கந்தப்பி அலைகிற நட்சத்திரங்கள்'. வானம், நிலம், கடல், மறுபடியும் வானம். கடைசியில் அந்த நட்சத்திரங்களுக்குக் காரிருள் வைக்கப்பட்டிருக்கிறது என்று முடிக்கிறார். வழிதவறிய விண்மீனுக்கு இருளைத் தண்டனையாகச் சொல்வது எத்தனை பொருத்தம்! 2 பேதுரு 2:17-இல் நட்சத்திரங்களே இல்லை. தண்ணீரில்லாத கிணறுகளும் சுழல்காற்றில் அடியுண்டோடும் மேகங்களும் மட்டும் இருக்கின்றன. ஆனால் அதே காரிருள் அவற்றுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கிணற்றுக்கும் காரிருளுக்கும் என்ன தொடர்பு? உவமை போய்விட்டது, அதன் நிழல் மட்டும் நின்றுவிட்டது. சுருக்குகிறவர் கையில்தான் இப்படி நிகழும். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் 'என்றென்றைக்கும்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் 2 பேதுருவின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அந்தச் சொல் இல்லை. யூதாவை மனப்பாடமாக அறிந்த பிற்காலப் படியெடுப்பாளர் யாரோ இங்கேயும் அதை எழுதியிருக்கலாம். எழுதியவர்களுக்கு மட்டுமல்ல, படியெடுத்தவர்களுக்கும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்தே ஒலித்திருக்கின்றன.

மிகாவேலைப் பற்றிய இடம் இன்னும் வலுவான சான்று. பிரதான தூதனாகிய மிகாவேல் மோசேயின் சரீரத்தைக் குறித்துப் பிசாசோடு தர்க்கித்தபோதும், அவனைத் தூஷிக்கத் துணியாமல், 'கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக' என்று மட்டும் சொன்னான் என்கிறார் யூதா. இந்தச் சம்பவம் பழைய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. மோசேயின் மரணத்தைப் பற்றி யூதர்களிடையே வழங்கிய ஒரு நூலிலிருந்து வந்தது என்று ஆதிச் சபையின் எழுத்தாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 2 பேதுரு 2:11-இல் மிகாவேலும் இல்லை, மோசேயும் இல்லை, பிசாசும் இல்லை. அதிக வல்லமையுள்ள தேவதூதர்கள்கூட அவர்களைத் தூஷணமாய்க் குற்றப்படுத்தமாட்டார்கள் என்ற பொதுவாக்கியம் மட்டும் இருக்கிறது. எவர்களை, எப்போது, ஏன்? அதை மட்டும் வாசிப்பவருக்கு விளங்காது. யூதாவை வாசித்துவிட்டு வந்தால் உடனே விளங்கும்.

எதிர்த்தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. 2 பேதுரு, 'கள்ளப்போதகர்கள் இருப்பார்கள்' என்று எதிர்காலத்தில் சொல்கிறது. யூதாவோ 'பக்கவழியாய் நுழைந்திருக்கிறார்கள்' என்கிறது. ஆகவே பேதுரு முன்னறிவித்தார், யூதா அது நிறைவேறியதைக் கண்டார் என்று பலர் நெடுங்காலம் நம்பினார்கள். மார்ட்டின் லூத்தரும் யூதா நிருபத்தை 2 பேதுருவிலிருந்து எடுத்து எழுதப்பட்டதாகவே கருதினார். இந்த வாதத்தில் எனக்குள்ள தடை ஒன்றே: அந்த எதிர்காலம் நிலைப்பதில்லை. இரண்டாம் அதிகாரத்தின் நடுப்பகுதியிலிருந்து அதே ஆட்கள் விருந்துண்கிறார்கள், வீண்வார்த்தைகளைப் பேசுகிறார்கள், சுயாதீனத்தை வாக்குப்பண்ணுகிறார்கள், எல்லாம் நிகழ்காலம். எழுதுகிறவரின் கண்முன்னே அவர்கள் நிற்கிறார்கள்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான இடத்துக்கு வருவோம். உபதேசம் ஒன்றா? சொற்கள் ஒன்று, கவலை வேறு. யூதா தாம் எழுத வந்தது ஒன்று, எழுத நேர்ந்தது வேறு என்று மூன்றாம் வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். பொதுவான இரட்சிப்பைக் குறித்து எழுத நினைத்தவரைச் சபைக்குள் நுழைந்துவிட்ட சிலர் பேனாவைத் திருப்ப வைத்தார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? கிருபையைக் காட்டித் தங்கள் இச்சைக்கு நியாயம் தேடினார்கள். அவர்கள் சபையின் அன்பின் விருந்தில் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். யூதாவின் கோபம் முழுவதும் அந்தப் பந்தியைச் சுற்றியே எழுகிறது: தங்களைத் தாங்களே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்கள் என்கிறார். அவர்கள் என்ன கற்பித்தார்கள் என்று அவர் விவரிப்பதே இல்லை. எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் அவருக்குக் கணக்கு.

2 பேதுருவில் வாழ்க்கைமுறையோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. 'அவர் வருவார் என்று சொல்லுகிற வாக்குத்தத்தம் எங்கே?' பிதாக்கள் நித்திரையடைந்துவிட்டார்கள், உலகம் சிருஷ்டிப்பின் நாளிலிருந்து அப்படியேதான் இருக்கிறது. பின்னே நியாயத்தீர்ப்பு எங்கே, பயம் எதற்கு? இது வெறும் ஒழுக்கக்கேடன்று, ஒரு வாதம். வாதத்துக்கு வாதத்தால்தான் பதில் சொல்ல முடியும். யூதாவின் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் அவர் காதில் இந்தக் கேள்வி விழவே இல்லை. ஆகவே இரண்டாம் ஆசிரியர் யூதாவின் வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, தம் சபையின் கேள்விக்கு ஏற்ப அவற்றைத் திருத்தி அடுக்குகிறார்.

அந்தத் திருத்தத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. யூதா மூன்று தண்டனைகளைச் சொல்கிறார்: வனாந்தரத்தில் அழிந்த இஸ்ரவேலர், விழுந்த தூதர்கள், சோதோம். 2 பேதுரு வனாந்தரத்தை நீக்கிவிட்டு அங்கே ஜலப்பிரளயத்தை வைக்கிறது. வரிசையையும் ஆதியாகமத்தின்படி தூதர்கள், பிரளயம், சோதோம் என்று மாற்றுகிறது. ஏன் பிரளயம்? மூன்றாம் அதிகாரத்தில் அது தேவைப்படப்போகிறது. 'எல்லாம் இருந்தபடியே இருக்கிறது' என்கிறவர்களிடம், 'இல்லை, ஒருமுறை உலகம் தண்ணீரால் அழிந்தது, அதை நீங்கள் மனதார மறந்தீர்கள்' என்று பதில் சொல்ல அந்தக் கல்லை இரண்டாம் அதிகாரத்திலேயே நட்டுவைக்கிறார். கூடவே இரண்டு மனிதர்களைக் கொண்டுவருகிறார்: நோவா, லோத்து. யூதாவில் இவர்கள் இருவரும் இல்லை. அங்கே அழிந்தவர்கள் மட்டுமே. இங்கே தப்பியவர்களும் இருக்கிறார்கள். கர்த்தர் தேவபக்தியுள்ளவர்களைச் சோதனையினின்று இரட்சிக்க அறிந்திருக்கிறார் என்பது அவர் எட்டும் முடிவு (2:9). காத்திருந்து சோர்ந்த சபைக்கு எச்சரிக்கை மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் தாமதத்துக்கான விளக்கம் வருகிறது. கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம் போல என்பது 90ஆம் சங்கீதத்தின் எதிரொலி. ஆனால் அவர் அந்தக் கணக்கோடு நிற்கவில்லை. தாமதம் என்று நீங்கள் நினைப்பது ஒருவரும் கெட்டுப்போகக்கூடாது என்ற நீடிய பொறுமை என்கிறார். பதினைந்தாம் வசனத்தில் அந்தப் பொறுமையையே இரட்சிப்பென்று எண்ணச் சொல்கிறார். இந்த நிருபத்தைக் கண்டனக் கடிதம் என்று மட்டும் நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும்.

சிறு சொல்மாற்றங்களிலும் இரு ஆசிரியர்களின் மனம் தெரிகிறது. யூதா, 'அன்பின் விருந்துகளில்' இவர்கள் கறைகள் என்கிறார், கிரேக்கத்தில் 'அகாபாயிஸ்'. அந்த இடத்தில் யூதா எழுதிய 'ஸ்பிலாதெஸ்' என்ற சொல்லுக்குக் கடலுக்கடியில் மறைந்திருக்கும் பாறை என்ற பொருளும் உண்டு. கப்பலை உடைக்கும் பாறை விருந்துப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது! 2 பேதுரு 2:13-இல் 'அகாபாயிஸ்' இருக்கவேண்டிய இடத்தில் 'அபாத்தாயிஸ்', அதாவது 'வஞ்சனைகளில்', என்று இருக்கிறது. எழுத்துத் தவறா, வேண்டுமென்றே செய்த சொல்விளையாட்டா? வேண்டுமென்றே செய்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது: இவர்கள் உண்பது அன்பின் விருந்தே அன்று, வஞ்சனையின் விருந்து. ஆனால் இதை அடித்துச் சொல்லமாட்டேன். இதேபோல, தூதர்கள் தள்ளப்பட்ட இடத்தைச் சொல்ல 2 பேதுரு கிரேக்கர்களின் பாதாளமாகிய 'தார்த்தரு'வைக் கொண்ட வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறது. நம் தமிழில் அது 'நரகம்' ஆகிவிட்டது. யூதாவின் வாசகர்கள் யூத மரபுக் கதைகளில் ஊறியவர்கள், 2 பேதுருவின் வாசகர்கள் கிரேக்க உலகத்தில் பழகியவர்கள் என்று இதைக் கொண்டு பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆதியாகமத்தில் வரும் ஏனோக்கைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். யூதா 14, 15 வசனங்களில் ஏனோக்கு சொன்னதாக வரும் தீர்க்கதரிசனம் ஏனோக்கின் முதலாம் புத்தகத்தின் தொடக்கத்தில் இருப்பது உறுதி. அந்தப் புத்தகம் முழுமையாக எத்தியோப்பியாவின் பழைய கெயெஸ் மொழியில்தான் பிழைத்திருக்கிறது. எத்தியோப்பியச் சபை அதை இன்றும் வேதாகமத்தின் பகுதியாக ஏற்கிறது. சாக்கடல் அருகேயுள்ள கும்ரான் குகைகளில் அதன் அரமேயத் துண்டுகள் கிடைத்தபின், மேற்கோள் வரும் அந்தத் தொடக்கப் பகுதி கிறிஸ்துவுக்கு முந்தியது என்பதில் ஐயம் எழவில்லை. 2 பேதுரு இந்த மேற்கோளை விட்டுவிட்டது. 'வேதத்தில் இல்லாததால் வெட்கப்பட்டு நீக்கினார்' என்று பாடநூல்கள் சொல்வதை நான் முழுவதும் ஏற்பதில்லை. கட்டிவைக்கப்பட்ட தூதர்களின் கதையே ஏனோக்கின் மரபில் வளர்ந்ததுதான், அதை அவர் விடவில்லையே! அவருடைய வாசகர்களுக்கு அந்தப் புத்தகம் பழக்கமில்லாமல் இருந்திருக்கலாம் என்பது எனக்கு இன்னும் எளிய விளக்கமாகப் படுகிறது. இரண்டும் ஊகமே. ஆனால் இந்த மேற்கோளால் யூதா நிருபம் அடிபட்டது உண்மை: ஏனோக்கை மேற்கோள் காட்டுவதால் பலர் இதைத் தள்ளுகிறார்கள் என்று 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதினார். அவருக்கு இரு நூற்றாண்டுகள் முந்திய சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனோ தலைகீழாக, யூதா மேற்கோள் காட்டுவதாலேயே ஏனோக்கை ஏற்கலாம் என்றார்.

எழுதியவர்கள் யார் என்பதில்தான் தரை மிகவும் வழுக்குகிறது. யூதா தம்மை 'யாக்கோபின் சகோதரன்' என்கிறார். வெறுமனே யாக்கோபு என்றால் யாருக்கும் தெரியும் என்ற நிலையில் அன்று இருந்தவர் எருசலேம் சபைத் தலைவராகிய, கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபு. அப்படியானால் மாற்கு 6:3-இல் பெயர் சொல்லப்படும் யூதாவே இவர். இயேசுவின் சகோதரன் என்று சொல்லிக்கொள்ள உரிமை இருந்தும் 'இயேசுகிறிஸ்துவின் ஊழியக்காரன்' என்று மட்டும் எழுதியிருப்பது என்னை ஒவ்வொரு முறையும் தொடுகிறது. வேறொருவர் அவர் பெயரில் எழுதியிருந்தால் அந்த உறவை இவ்வளவு அடக்கமாக விட்டிருப்பாரா? ஆனாலும் கிரேக்க நடையின் உயர்வைக் காட்டி மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

2 பேதுருவைப் பொறுத்தவரை ஐயம் மிகப் பழையது. அது நவீனக் காலத்து அவிசுவாசத்தில் பிறந்தது அன்று. பேதுரு எழுதியதாக ஒரு நிருபம் ஒப்புக்கொள்ளப்படுகிறது, இரண்டாவது இருக்கலாம், அதில் சந்தேகம் உண்டு என்று 3ஆம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஒரிகன் எழுதினார். சபை வரலாற்றாசிரியர் யுசேபியு இதையும் யூதாவையும் சர்ச்சைக்குரியவற்றின் பட்டியலில் சேர்த்தார். சிரியாக் மொழியின் பெஷித்தா வேதாகமத்தில் தொடக்கத்தில் இந்த இரண்டுமே இல்லை. முதலாம் நிருபத்துக்கும் இதற்கும் உள்ள நடை வேறுபாட்டை, வெவ்வேறு மொழிபெயர்ப்பாளர்கள் உதவியிருப்பார்கள் என்று ஜெரோம் விளக்கினார். இதோடு, பவுலின் நிருபங்கள் 'மற்ற வேதவாக்கியங்களோடு' வைத்துப் பேசப்படுவதையும் (3:16) சேர்த்துப் பார்த்து, பேதுருவின் மரணத்துக்குப் பின் அவருடைய சீடர் ஒருவர் அவருடைய இறுதிச் சாசனமாக எழுதியது என்று இன்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். பேதுருவே எழுதினார் என்று வாதிடும் கற்றறிந்தவர்களும் உண்டு. எந்தப் பக்கமும் நூற்றுக்கு நூறு நிரூபிக்க முடியாது. நான் பெரும்பான்மையோர் பக்கம் சாய்கிறேன், அதனால் என் விசுவாசம் ஆட்டம் காணவில்லை.

இப்போது அந்தத் 'திருட்டு' கேள்வி. தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்கு முதல்நூல், வழிநூல் என்ற பாகுபாடு தெரியும். முன்னோர் சொன்ன முடிவோடு ஒத்துப்போய், பின்னவர் தமக்கு வேண்டிய மாறுபாட்டையும் சேர்த்துச் செய்வது வழிநூல். அதை யாரும் களவு என்று சொன்னதில்லை. மத்தேயுவும் லூக்காவும் மாற்குவை எடுத்தாண்டது போலவேதான் இதுவும். சபைகளில் சத்தமாக வாசிக்கப்பட்டுப் பொதுச்சொத்தான ஓர் எச்சரிக்கையை, புதிய ஆபத்து வந்தபோது இன்னொரு மேய்ப்பர் எடுத்துத் தம் மந்தைக்காகத் திரும்ப எழுதினார். நமக்குக் கிடைத்துள்ள இரு நிருபங்களின் மிகப் பழைய படி, 72ஆம் பாப்பிரசு என்று எண்ணிடப்பட்டது, ஒரே சுவடித் தொகுப்பில் இரண்டையும் வைத்திருந்தது. 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டில் அதை வைத்திருந்தவர்கள் ஒன்று போதும், மற்றது வேண்டாம் என்று நினைக்கவில்லை.

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வகுப்பில் நான் இரண்டு வண்ணப் பென்சில்களைத் தருவது வழக்கம். யூதாவில் 'காத்தல்' என்ற பொருளுள்ள கிரேக்க வினை ஐந்து இடத்தில் வருகிறது. விசுவாசிகள் காக்கப்பட்டவர்கள் (1), தூதர்கள் தங்கள் ஆதிமேன்மையைக் காத்துக்கொள்ளவில்லை, ஆகவே நியாயத்தீர்ப்புக்காகக் காவலில் இருக்கிறார்கள் (6), நட்சத்திரங்களுக்கு இருள் வைக்கப்பட்டிருக்கிறது (13), நீங்களோ தேவனுடைய அன்பிலே உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் (21). தமிழில் சொல் மாறி மாறி வருவதால் இது கண்ணில் படாது. இவற்றை ஒரு வண்ணத்தில் குறியுங்கள். அதே வினை 2 பேதுருவில் நான்கு இடத்தில் இருக்கிறது: 2:4, 2:9, 2:17, 3:7. நான்கும் நியாயத்தீர்ப்புக்கென்று வைக்கப்பட்டவற்றைப் பற்றியவை. பிறகு இரண்டாவது வண்ணத்தை எடுத்து 2:5-இல் நோவாவைக் குறித்து, அங்கிருந்து 3:6-இன் ஜலப்பிரளயத்துக்கும், பின் 3:9-இன் நீடிய பொறுமைக்கும் கோடு இழுங்கள். கடைசியாக யூதா 22ஆம் வசனத்துக்குத் திரும்புங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே 'பகுத்தறிவுள்ளவர்களாயிருந்து, சிலருக்கு இரக்கம் பாராட்டி' என்கிறது. அந்த வசனம் கையெழுத்துப் படிகளுக்கிடையே மிகவும் வேறுபடுகிறது. பழைய படிகள் பலவற்றின்படி அது 'சந்தேகப்பட்டுத் தடுமாறுகிற சிலருக்கு இரக்கம் காட்டுங்கள்' என்று பொருள்படும். அவ்வளவு கோபத்தோடு எழுதிய யூதா, தடுமாறுகிறவர்கள்மேல் அந்தக் கோபத்தைத் திருப்பவில்லை.